மேடையும் மிம்பரும் – 7: ஆடம்ஸ் மிஷன் கடைப்பையன்

சென்ற வாரம் ஆக்ராவில் நிறுத்தியிருந்தோம். 1854-ல் ஜெர்மன் பாதிரியார் ஃபாண்டரோடு பகிரங்க விவாதத்தில் மோதிய மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி, 1857 கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும் மக்காவுக்குத் தப்பினார். பின்னர் ஒட்டோமான் சுல்தானின் விருப்பத்துக்கு இணங்கி 'இழ்ஹாருல் ஹக்' என்ற நூலை எழுதினார். ஐரோப்பிய விவிலிய அறிஞர்களின் ஆய்வுகளைக் கொண்டே பைபிளில் முரண் காட்டுவது அவருடைய உத்தி. அந்த நூலின் பிரதி ஒன்று ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழித்து, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், ஒரு கடையின் சரக்கறையில், பழைய புத்தகக் குவியலுக்குள் கிடந்தது. அதை எடுத்துப் பிரித்தவர் அஹ்மத் தீதாத்.

1918-ல் குஜராத்தின் சூரத் வட்டாரத்தில் பிறந்தவர். தையற்காரரான தந்தை, மகன் பிறந்த கொஞ்ச காலத்திலேயே தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார். ஒன்பது வயதில், 1927-ல், மகனும் டர்பன் போய்ச் சேர்ந்தார். சில மாதங்களில் ஊரில் தாய் இறந்துபோனார். ஆங்கிலம் தெரியாமல் பள்ளிக்கூடம் போன பையன் படிப்பில் முன்னுக்கு வந்தாலும் வீட்டில் பணமில்லை. ஆறாம் ஸ்டாண்டர்டோடு படிப்பு நின்றது.

அன்றைய டர்பன் இந்தியர்களில் இரண்டு கூட்டம் உண்டு. 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழரும் தெலுங்கரும் ஒரு கூட்டம். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போய் வியாபாரம் செய்தவர்கள் இன்னொன்று. அவர்களில் குஜராத்தி முஸ்லிம்கள் அதிகம். தீதாத் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர். ஆனால் முதலாளி வீட்டுப் பிள்ளையல்ல, கடைச் சிப்பந்தி.

1936-ல் அவருக்கு வேலை கிடைத்த கடை ஆடம்ஸ் மிஷன் என்ற இடத்தில் இருந்தது. பக்கத்திலேயே அமெரிக்க மிஷனரிகள் நடத்திய ஆடம்ஸ் கல்லூரி. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஆல்பர்ட் லுத்துலி படித்து, ஆசிரியராகவும் இருந்த கல்லூரி அது. ஊழியத்துக்குப் பயிற்சி பெறும் மாணவர்கள் சாமான் வாங்க வருவார்கள். வந்த இடத்தில், கற்ற பாடத்தைக் கடைப்பையனிடம் சோதித்துப் பார்ப்பார்கள். உங்கள் மதம் வாளால் பரவியதுதானே? உங்கள் நபிக்கு எத்தனை மனைவிகள் தெரியுமா? தீதாத்திடம் பதில் இல்லை. தொழுகை தெரியும், நோன்பு தெரியும், வாதம் தெரியாது. அப்படி வாயடைத்து நின்ற நாட்களில்தான் கைரானவியின் நூல் கிடைத்தது. ஒரு பைபிளை வாங்கினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார். அடுத்து வந்த மாணவர்களிடம் கேள்வி கேட்டவர் அவர்.

1942-ல் டர்பனின் அவலான் திரையரங்கில் அவருடைய முதல் சொற்பொழிவு. கேட்க வந்தவர்கள் 15 பேர். 1957-ல் நண்பர்களோடு சேர்ந்து இஸ்லாமியப் பிரசார மையத்தைத் தொடங்கினார். கிரே தெருவின் ஜும்ஆ பள்ளிவாசலைச் சுற்றிப்பார்க்க வரும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு வழிகாட்டி, அவர்கள் கையில் ஒரு பிரசுரத்தையும் கொடுத்தனுப்புவார். சிறு புத்தகங்கள் அச்சிட்டு இலவசமாக வினியோகித்தார். பிரசுரம், தெருப்பேச்சு, மனப்பாட வசனம், நேருக்கு நேர் சவால் என்று எல்லாமே மிஷனரிகளின் கருவிகள். அவற்றை அப்படியே அவர்கள் பக்கம் திருப்பினார்.

மேடையில் அவர் கையில் குறிப்புத்தாள் இருக்காது. அதிகாரம், வசன எண் எல்லாம் நாக்கு நுனியில். அவருக்குப் பிடித்த இடம் உபாகமம் 18:18. மோசேயைப் போன்ற ஒரு தீர்க்கதரிசியை எழுப்புவதாகக் கடவுள் வாக்களிக்கும் இடம். அது இயேசுவைப் பற்றியது என்பது கிறிஸ்தவ விளக்கம். தீதாத் மோசே, இயேசு, முஹம்மது மூவரையும் வரிசையாக நிறுத்துவார். தாய்க்கும் தந்தைக்கும் பிறந்தவர் யார்? மணமுடித்துப் பிள்ளை பெற்றவர் யார்? வாழ்நாளிலேயே தம் மக்களால் தலைவராக ஏற்கப்பட்டவர் யார்? ஒவ்வொரு கேள்விக்கும் மோசேயும் முஹம்மதும் ஒரு பக்கம் சேர்வார்கள். இயேசு தனித்து நிற்பார். கூட்டம் ஆர்ப்பரிக்கும்.

இந்த ஆர்ப்பரிப்பை அது நடந்த நாட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம் என்பதை நிறம் தீர்மானித்த நாடு அது. அந்த நிறவெறிக்கு வேதத்திலிருந்து நியாயம் எடுத்துக் கொடுத்தது டச்சு சீர்திருத்தச் சபை. அதே சபையின் மாநாடு 1986-ல் இஸ்லாத்தைப் பொய்மதம் என்று அறிவித்தது. அப்படிப்பட்ட மண்ணில், ஆறாம் ஸ்டாண்டர்டு படித்த ஒரு மாநிறத்தவர், வெள்ளைப் பாதிரியாரின் புத்தகத்தை எடுத்து அவரையே கேள்வி கேட்டு நிறுத்துகிறார். கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது இறையியல் வகுப்பா? நிமிர்ந்து உட்கார ஒரு மாலைப்பொழுது.

ஆனால் அந்தக் கோபம் போய் விழுந்த இடத்தையும் பார்க்க வேண்டும். கேப் டவுனில் இமாம் அப்துல்லாஹ் ஹாரூன் 1969-ல் போலீஸ் காவலில் இறந்தார். 1980-களில் ஃபரீத் இஸாக் போன்ற இளம் முஸ்லிம் அறிஞர்கள் பாதிரியார்களோடு தோள் சேர்ந்து நிறவெறிக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். அதே ஆண்டுகளில் தீதாத்தின் மேடையில் எதிரி அரசு அல்ல, பைபிள்.

டர்பன் முஸ்லிம்கள் எல்லோரும் அவர் பின்னால் நின்றார்கள் என்றும் எண்ண வேண்டாம். அந்த நகரிலிருந்தே வெளிவந்த 'முஸ்லிம் டைஜஸ்ட்' இதழ் அவரைக் கடுமையாக விமர்சித்தது. அக்கம்பக்கத்தில் இந்துக்களும் கிறிஸ்தவர்களுமாக வாழ வேண்டிய சிறுபான்மைக்கு, வம்பை வலிய அழைக்கும் பேச்சு தேவையா என்பது அவர்கள் கேள்வி. இந்து மதத்தைத் தாக்கும் அவருடைய பிரசாரம் வெளிவந்தபோது தமிழரும் தெலுங்கரும் நிறைந்த டர்பனில் அந்தக் கேள்விக்கு வலு கூடியது.

உள்ளூரில் முணுமுணுப்பு இருந்தபோதே வெளியுலகம் வாரி அணைத்தது. 1986-ல் சவூதி அரேபியாவின் மன்னர் ஃபைசல் விருது, பிரெஞ்சு சிந்தனையாளர் ரோஜர் கரோதியோடு சேர்த்து அவருக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஜிம்மி ஸ்வாகார்ட்டோடு விவாதம். ஸ்வாகார்ட் அன்று தொலைக்காட்சிப் பிரசங்கிகளில் உச்ச நட்சத்திரம். தலைப்பு, பைபிள் கடவுளின் வார்த்தையா என்பது. எசேக்கியேல் 23-ஐக் கூட்டத்தின் முன் வாசித்தால் 100 டாலர் தருகிறேன் என்றார் தீதாத். இரண்டு சகோதரிகளின் விபசாரத்தைப் பச்சையாக விவரிக்கும் அதிகாரம் அது. ஸ்வாகார்ட் வாசித்தார்.

சமாரியாவும் எருசலேமும் கடவுளுக்குத் துரோகம் செய்ததைச் சொல்லும் உருவகம் அது என்பது இறையியல் மாணவர் யாருக்கும் தெரியும். ஆனால் விளக்கத்துக்கு ஐந்து நிமிடம் வேண்டும். சவாலுக்கு ஐந்து நொடி போதும். மேடை எப்போதும் ஐந்து நொடியின் பக்கம்தான். பைபிளை ஆய்வுக் கத்தியால் அறுப்பவர் அதே கத்தியைத் தம் வேதத்தின் மேல் வைக்க விடுவாரா என்ற நியாயமான கேள்விக்கும் அங்கே இடமில்லை.

அந்த விவாதத்தின் ஒளிநாடா வளைகுடா நாடுகளிலும் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் கைமாறிக் கைமாறி ஓடியது. அரபுப் பணம் வந்தது. பின்லாடன் குடும்பத்தின் நன்கொடைக்கு நன்றியாக டர்பன் மையத்தின் கட்டடத்துக்கு அந்தப் பெயரே சூட்டப்பட்டது. பிரான்ஸ் அரசு 1994-ல் அவருடைய நூல்களுக்குத் தடை விதித்தது; யூத வெறுப்பையும் இனப் பகையையும் தூண்டுகின்றன என்பது காரணம்.

1996 புனித வெள்ளியன்று ஆஸ்திரேலியாவில் ஈஸ்டரைப் பற்றியே பேசினார். ஊர் திரும்பிய பின் மே 3-ம் தேதி பக்கவாதம் அவரைச் சாய்த்தது. கழுத்துக்குக் கீழே உடல் அசையவில்லை, பேச்சும் போனது. எழுத்துகள் எழுதிய பலகையைக் காட்டினால் கண்ணசைவால் எழுத்தைத் தேர்ந்தெடுத்துச் சொல்லை உருவாக்குவார். 2005 ஆகஸ்ட் 8-ல் இறக்கும் வரை ஒன்பது ஆண்டுகள் அப்படித்தான். இது கடவுளின் தண்டனை என்றார்கள் எதிர்த்தரப்பில் சிலர். அதையும் ஒரு வெற்றிப் புள்ளியாக எண்ணத்தான் அவர்களுக்குத் தோன்றியது. நோயைக்கூட மதிப்பெண்ணாக மாற்றும் அந்த மனநிலையை வளர்த்ததில் இரு தரப்புக்கும் பங்குண்டு.

தீதாத்தால் எத்தனை பேர் மதம் மாறினார்கள் என்று எண்ணிக் கொண்டிருப்பதில் பொருளில்லை. அவர் கூட்டங்களின் முக்கியமான விளைவு வேறு. ஏற்கெனவே நம்பியவர்களுக்கு அவர் வெற்றியின் ருசியைக் காட்டினார். அவமானப்பட்டவர்களுக்கு அது மருந்தாக இருந்தது. பிறகு அதுவே தினசரி உணவானது. தம் முறையை யாரும் பிரதி எடுக்கும்படியும் அமைத்தார். சாதாரண வாசகருக்கென்று அவர் எழுதிய கையேட்டில், உன் பைபிளில் எந்தெந்த வசனத்துக்கு எந்த நிறம் தீட்டி வைக்க வேண்டும் என்பதுகூட உண்டு. அதற்கு மதரசாப் படிப்பு தேவையில்லை, அரபி தேவையில்லை; நினைவாற்றலும் துணிச்சலும் போதும்.

அந்த இரண்டும் இருந்த ஒரு பம்பாய் இளைஞர் 1987-ல் தீதாத்தைச் சந்தித்தார். பின்னால் தீதாத்தே அவரை 'தீதாத் ப்ளஸ்' என்று அழைத்தார். ஒளிநாடாவின் இடத்தில் செயற்கைக்கோள் தொலைக்காட்சியை வைத்த ஜாகிர் நாயக்கின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)