டுரியான் நெடியும் கேஸ் நெடியும்: எப்படி இயங்குகிறது?

சீசன் வந்துவிட்டால் ஜொகூரின் கெலாங் பாத்தாவில் டுரியான் கடையைத் தேடி அலைய வேண்டாம். மூக்கே கொண்டுபோய் விட்டுவிடும். அதே நெடி, பழமே வாங்காத வீட்டின் அடுப்படியில் வீசினால்? உடனே கேஸ் தோம்பைப் பாருங்கள். டுரியானின் நெடியில் பல பொருட்கள் கலந்திருக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்றைத்தான் சமையல் கேஸிலும் கலக்கிறார்கள். அதன் பெயர் எத்தேன்தயோல். கந்தகம் அடங்கிய திரவம். தொழிற்சாலைகளில் எத்தில் மெர்காப்டன் என்பார்கள்.

பெருங்காயம் தெரிந்தவர்களுக்கு இதன் குணம் எளிதில் பிடிபடும். மிளகளவு கட்டி ஒரு பானை சாம்பாரையே மணக்க வைக்கிறது. டப்பாவைத் திறந்து வைத்தால் அலமாரி முழுக்க நாற்றம். அந்த மணமும் கந்தகச் சேர்மங்களின் வேலைதான். எத்தேன்தயோலின் வீரியமோ இன்னும் பல மடங்கு. காற்றில் நூறு கோடியில் ஒரு பங்கு கலந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். அதனால் உணவுக்குச் சுவைமணம் சேர்ப்பவர்கள் இத்தகைய கந்தகப் பொருட்களை அப்படியே கையாள்வதில்லை. நூற்றில் ஒரு பங்காகவோ அதற்கும் குறைவாகவோ கரைத்த கலவையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

டுரியான் பழத்துக்குள் எத்தேன்தயோல் எப்படி வருகிறது? 2017இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் மூசாங் கிங் டுரியான் வகையின் முழு மரபணுத் தொகுப்பையும் வெளியிட்டார்கள். கந்தக வாயுக்களை உண்டாக்கும் நொதிக்கான மரபணு அதில் பல பிரதிகளாகப் பெருகியிருந்தது. 2020இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் டுரியான் சதையில் எத்தியோனின் என்ற அரிய அமினோ அமிலத்தைக் கண்டார்கள். பழம் கனியும்போது நொதி அதை உடைக்கிறது, எத்தேன்தயோல் வெளியேறுகிறது.

சமையல் கேஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில், நியூ லண்டன் பள்ளியில் மணமற்ற இயற்கை எரிவாயு கசிந்து வெடித்தது. ஏறத்தாழ முன்னூறு பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். எரிவாயுவில் நெடி சேர்ப்பது அதன் பிறகே அங்கே சட்டமானது. கேஸ் தீப்பிடிக்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு கசிந்தபோதே மூக்குக்கு எட்ட வேண்டும் என்பது பரவலான விதி. அந்தக் குழந்தைகளின் உயிர் கொடுத்த எச்சரிக்கை அது. ஆனால் பழமும் அதே மொழி பேசுகிறதே! 2018இல் மெல்பர்ன் நகரப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் கேஸ் கசிவு என்று அஞ்சி எல்லோரையும் வெளியேற்றினார்கள். தேடிப் பார்த்தால், அழுகிய டுரியான்.

கையாளும் இடங்களில் எத்தேன்தயோலுக்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. இதன் கொதிநிலை 35 டிகிரி. ஜொகூரின் மத்தியான வெயில் அதை நெருங்கிவிடும். எனவே குளிர்ச்சியான, காற்றோட்டமுள்ள இடத்தில் இறுக மூடித்தான் வைக்க வேண்டும். ஆவி காற்றைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனம், தரையோடு பரவி ஒரு பொறி பட்டாலும் பற்றிக்கொள்ளும். புட்டியில் மூக்கை வைத்து முகர்வது கூடவே கூடாது. சிந்தியதன் மேல் பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவதும் ஆபத்து, வினை வெடிப்பாக மாறலாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த நெடியைத் தொடர்ந்து சுவாசித்தால் மூக்கு மரத்துப்போகும். தோம்பின் உட்புறத் துருவும் எத்தேன்தயோலை மெல்ல வேறு பொருளாக மாற்றி நெடியைக் குறைத்துவிடும். ஆகவே “இப்போது வாசனை இல்லை, சரியாகிவிட்டது” என்று யாரும் முடிவு கட்டக் கூடாது.

நெடி வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், தீக்குச்சி உரசாதீர்கள். கைக்கு எட்டினால் ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, பிள்ளைகளையும் பெரியவர்களையும் வெளியே அழைத்துச் செல்லுங்கள். 999ஐ வெளியே போன பிறகே கூப்பிடுங்கள். புதுத் தோம்பு மாட்டும் ஒவ்வொரு முறையும் ரப்பர் குழாயிலும் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். நுரை குமிழிட்டால் கசிகிறது என்று அர்த்தம்.