பல்லில் தெரியும் தண்ணீர்

குழந்தையின் பற்களில் சுண்ணாம்புத் திட்டுகளோ பழுப்புக் கோடுகளோ தென்பட்டால், ஒழுங்காகப் பல் துலக்குவதில்லை என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் பலர். எல்லாக் கறைகளும் துலக்கினால் போவன அல்ல. ஈறுக்குள் பல் உருவாகும் பருவத்தில், ஏறத்தாழ எட்டு வயது வரை, குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்தால் எனாமலே குறைபட்டு உருவாகிறது. இதுவே பல் ஃபுளோரோசிஸ். இத்தகைய பிள்ளையைக் கண்டால், வீட்டிலுள்ள தாத்தா பாட்டிக்கு முதுகு விறைப்பு உண்டா என்றும் நாங்கள் கேட்கிறோம். குடும்பம் முழுவதும் குடிப்பது ஒரே நீரைத்தானே!

சிறுமலையும் அதன் அடிவாரச் சமவெளியும் கடினப்பாறை நிலம். அப்ரகம், அபடைட் போன்ற கனிமங்களில் உள்ள ஃபுளோரைடு, பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும் நீரில் மெல்லக் கரைகிறது. ஆகவே, ஆழமாகத் துளையிட்டால் நல்ல நீர் கிடைக்கும் என்ற நம்பிக்கையை நாங்கள் ஏற்பதில்லை. நிலக்கோட்டை வட்டாரத்தில் இம்மிகுதி ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. நோயும் புதியதன்று, பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் கிணற்று நீரால் முதுகெலும்பு இறுகியவர்களைப் பற்றி மருத்துவர்கள் 1937ஆம் ஆண்டிலேயே எழுதியுள்ளனர்.

இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை. பல ஆண்டுகள் இதற்கு மேல் பருகினால் எலும்பு தடித்து, தசைநார்களிலும் சுண்ணாம்பு படிகிறது. கழுத்து திரும்பாது; தரையில் உட்கார்ந்து எழ இயலாது. பலர் இதை வாதம் என்றெண்ணி, மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குகின்றனர். எங்களை மிகவும் கவலையுறச் செய்வது இதுவே. அம்மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும்; ஃபுளோரைடை வெளியேற்ற வேண்டியதும் அதே சிறுநீரகம். அது தளர்ந்தால் எலும்பில் படிவது இன்னும் கூடும். இறுகிய எலும்பைப் பழைய நிலைக்குக் கொணரும் மருந்து இல்லை. தொடக்க நிலையில் நீரை மாற்றினால் வலி தணிய வாய்ப்புண்டு.

நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். மெழுகுவத்தி வடிகட்டியாலும் பயனில்லை. ஆர்.ஓ. கருவி இதனைக் குறைக்கும். காமராசர் அணை நீரோ காவிரிக் கூட்டுக்குடிநீரோ வரும் வீடுகளில் அதனையே குடிக்கவும் சமைக்கவும் வையுங்கள். சோறும் குழம்பும் ஆழ்துளைக் கிணற்று நீரில் வெந்தால் பாதி முயற்சி வீண். குளிக்க, துவைக்க அந்நீர் தீங்கன்று. மோரும் கேழ்வரகும் நெல்லிக்கனியும் நன்மை தரும். ஆனால் சிறுநீரக நோயாளிகள் எங்களைக் கேட்ட பின்னரே உணவை மாற்ற வேண்டும்.

சுவையாலோ நிறத்தாலோ ஃபுளோரைடை அறிய இயலாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் நீரைச் சோதிக்கலாம். கண்ணாடிப் புட்டியைத் தவிர்த்து, தூய பிளாஸ்டிக் புட்டியில், கிணற்று நீராலேயே அலசி நிரப்பிக் கொடுங்கள். அடுத்த முறை வருகையில் மருந்துச் சீட்டுடன் அவ்வறிக்கையையும் எடுத்து வாருங்கள்.