திருப்பத்தை முன்னரே பார்க்கும் இயந்திரம்

இருட்டில் சைக்கிளில் போகிறீர்கள். விளக்கு வெளிச்சம் பத்தடிதான் எட்டுகிறது. எவ்வளவு வேகமாக மிதிப்பீர்கள்? பத்தடிக்குள் பிரேக் பிடித்து நிறுத்தக்கூடிய வேகத்தில்தான், அல்லவா? கணிப்பொறியின் கட்டளைப்படி உலோகத்தைச் செதுக்கும் சி.என்.சி. இயந்திரத்திற்கும் இதே சங்கடம் உண்டு.

வெட்டும் கருவி போகவேண்டிய பாதை அதற்கு வரிவரியாக எழுதித் தரப்படுகிறது. ‘இந்தப் புள்ளிக்குப் போ’ என்பது ஒரு வரி. ஒரு மோட்டார் இடவலமாக நகர்த்தும், இன்னொன்று முன்பின்னாக. செங்கோணமான மூலையில் முதல் மோட்டார் சட்டென்று நிற்கவேண்டும்; மற்றது அதே கணத்தில் முழுவேகத்தில் கிளம்பவேண்டும். கனத்த இரும்பு மேசையின் நிலைமம் அதற்கு இடம் கொடுக்குமா? வேகத்தோடு திரும்பினால் மூலை மழுங்கும். ஒவ்வொரு வரி முடிவிலும் நின்று போனாலோ, நின்ற இடத்தில் கருவி உராய்ந்து தழும்பு விழும்.

ஆகவே, திருப்பம் வருமுன்பே வேகத்தைக் குறைக்கவேண்டும். எவ்வளவு முன்பு? வேகம் விநாடிக்கு 100 மி.மீ. என்போம். ஒவ்வொரு விநாடியிலும் 1000 மி.மீ. வீதம் அதைக் குறைக்க முடியும் என்போம். வேகத்தின் வர்க்கத்தை முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்துப் பாருங்கள்: நிற்க 5 மி.மீ. தேவை. வளைவுகளைச் செதுக்கும்போது ஒரு வரி 0.1 மி.மீ. மட்டுமே இருக்கலாம். அப்படியானால் 50 வரிகளுக்கு முன்பே பிரேக்! வேகத்தை இரட்டித்தால் 200 வரிகள்.

இதற்காக மென்பொருள் பல வரிகளை முன்கூட்டியே படித்துவிடுகிறது. படித்ததில் கடைசி வரியின் முடிவில் வேகம் பூஜ்யம் என்று கொள்கிறது. ஏனெனில் அதற்கப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாது. பிறகு பின்னோக்கி வந்து, ஒவ்வொரு வரியிலும் எவ்வளவு வேகம் தகும் என்று கணக்கிடுகிறது. லேசான திருப்பம் என்றால் வேகம் அதிகம் குறையாது. புது வரி வந்ததும் மறுபடி கணக்கு!

ஆர்டுயினோ யூனோ பலகையில் ஓடும் ஜி.ஆர்.பி.எல். என்ற இலவச மென்பொருள் 16 வரிகள் வரை முன்னே பார்க்கும். அந்தப் பலகையின் நினைவகம் 2 கிலோபைட்தான். பாவம், அதற்குமேல் எங்கே வைக்கும்? 0.1 மி.மீ. வரிகளானால் அதன் ‘வெளிச்சம்’ 1.6 மி.மீ. நீங்கள் 100 என்று கட்டளையிட்டாலும் வேகம் சுமார் 56-ஐத் தாண்டாது. பழுது மோட்டாரில் என்று பலர் தேடுவார்கள்!

அதே பாதையை 0.4 மி.மீ. வரிகளாக எழுதினால் வெளிச்சம் 6.4 மி.மீ. ஆகிறது, 100-ஐ எட்டிவிடலாம். வளைவு கெட்டுவிடாதா? 20 மி.மீ. ஆரமுள்ள வளைவில் 0.4 மி.மீ. நாண் விலகுவது 0.001 மி.மீ. மட்டுமே.