முந்தி முளைக்கும் மலர்க்குமிழ்கள்

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இலண்டன், ரொறன்ரோ முதலிய நகரங்களிற் குடியிருக்கின்றனர். இலையுதிர் காலத்தில் ரியூலிப், டபோடில் என்னும் செடிகளின் குமிழ்களைப் பூச்சாடிகளில் நட்டு, இளவேனிலில் மலர் காண்பது ஆங்கு வழக்கம். மார்கழி, தை மாதங்களில் நாலைந்து நாள் இளவெயில் எறித்தால், சில குமிழ்கள் பச்சை முனை காட்டிவிடும். அடுத்து வரும் உறைபனியை எண்ணிப் பதைத்து, சாடியைச் சூடேற்றிய அறைக்குள் தூக்கி வைப்போர் உளர். உறைபனி செய்யாத கேட்டை இவ்வன்பு செய்துவிடும்.

யாழ்ப்பாணத்து வெண்காயத்தை நெடுக்காக வெட்டிப் பார்த்தோர்க்குக் குமிழ் யாதென விளக்க வேண்டுவதில்லை. உணவு சேமித்த சதைப்பற்றான செதில்களின் நடுவே முளை ஒடுங்கிக் கிடக்கும். ரியூலிப் குமிழிற் பூமொட்டும் முன்னைக் கோடையிலேயே உருவாகிவிடுகின்றது. மத்திய ஆசிய மலைச்சாரல்களிற் காடாய் வளர்ந்த இச்செடி, ஒல்லாந்தின் இலெய்டன் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்தில் 1594ஆம் ஆண்டு பூத்தது. மாரி முழுதும் வெண்பனியின் கீழ்க் கிடந்து பழகிய இனமாதலின் அதற்குக் குளிர் இன்றியமையாதது. 9 பாகை செல்சியசுக்குக் கீழ்ப்பட்ட குளிரில் ஏறக்குறைய 12 முதல் 16 வாரம் கிடந்தாலன்றிப் பூந்தண்டு செவ்வையாய் நீளாது. அக்காலம் நிறையுமுன் சூட்டிற்குக் கொணர்ந்தால் இலை நெடுத்துத் துவளும். மொட்டு உள்ளேயே கருகும்.

முளைத்த இலையோ வன்மையுடையது. அதன் நுனி சிறிது பழுப்பேறினும், மொட்டு இன்னும் மண்ணுக்குள் இருத்தலின் மலருக்குப் பெரும்பாலும் ஊறில்லை. அஞ்சத்தக்கது சாடியினுள் நிகழ்வதே. நிலத்தில் நட்ட குமிழுக்குச் சுற்றியுள்ள மண் போர்வையாகும். சாடிக்கு நாற்புறமும் குளிர்காற்று. உள்ளிருக்கும் மண் உறைந்து கட்டியாகும், வெயிலில் இளகும், மீண்டும் உறையும். வேர் கெடுதலும், நீர் தேங்கிக் குமிழ் அழுகுதலும், மண்சாடி பிளத்தலும் இதனாலேயே. ஆகவே போர்வை முதலில் வேண்டுவது சாடியின் பக்கங்களுக்கு.

சாடிகளை வெயில் படாத சுவரோரம் ஒன்றோடொன்று நெருக்கி வைத்துச் சாக்கினாற் சுற்றுக. இடைவெளிகளிற் சருகோ வைக்கோலோ திணிக்கலாம். வெயிலில் வைத்தால் முளை இன்னும் முந்தும். அடியிற் செங்கல் வைத்து உயர்த்தினால் நீர் வடியும். மண் உறைந்திருக்கையில் நீர் ஊற்றலாகாது. கடுங்குளிர் இரவுகளில் மெல்லிய துணி போர்த்திக் காலையில் நீக்குக; பொலித்தீன் போர்த்தினால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். வெண்பனி தானே பெய்து மூடினால் அதனை வழித்தெறிய வேண்டா. அதுவும் நல்ல போர்வையே.

இலண்டனுக்கு இவ்வளவு போதும். ரொறன்ரோவின் குளிருக்குச் சாடியை வெளியே விடுதல் தகாது. சூடேற்றாத வண்டிக்கொட்டிலில் வைத்து, மண் முற்றும் உலராதபடி எப்போதாவது சிறிது நீர் தெளித்தல் நன்று. இருளில் நீண்ட முளை வெளிறியிருக்கும்; பங்குனியில் வெளியே எடுக்கும்போது சில நாள் நிழலில் வைத்தே வெயிலுக்குப் பழக்குதல் வேண்டும்.

அணிலையும் மறத்தலாகாது. அந்நாட்டுச் சாம்பல் அணில் நம் ஊர் அணிலினும் மிகப் பெரிது. ரியூலிப் குமிழைத் தோண்டித் தின்னும். சாடியின் வாயிற் கோழிக்கூட்டுக் கம்பிவலை விரித்தால் முளை அதனூடே வந்துவிடும். டபோடில் குமிழ் நஞ்சுடையதாகையால் அதனை அணில் பெரும்பாலும் தீண்டாது.