எல்டிஏ: பில் வாங்காதீங்க, தஞ்சாவூருக்கு டிக்கெட் வாங்குங்க!



ஜனவரி வந்தாச்சு. "ப்ரூஃப் எல்லாம் சப்மிட் பண்ணுங்க"ன்னு எச்.ஆர்.கிட்டேர்ந்து மெயில் வந்திருக்கும். போன வாரம் தி.நகர்லேர்ந்து ஒரு தம்பி போன் பண்ணினார். "சார், சம்பளத்துல எல்டிஏ 40,000 ரூபாய் இருக்கு. எங்கேயும் போகலை. தெரிஞ்ச டிராவல்ஸ்ல பில் போட்டுத் தர்றேன்னு சொல்றாங்க. குடுத்துடலாமா?"

வேண்டவே வேண்டாம். 30% ஸ்லாப்ல, செஸ் சேர்த்து, 40,000-க்கு மிச்சமாகிற வரி 12,480 ரூபாய். பொய் பில்னு பிடிபட்டா அந்த வரியையும் கட்டணும், அதுக்கு மேல 200% வரை, அதாவது 24,960 ரூபாய் அபராதமும் வரலாம். வட்டி தனி.

அதுக்கு நிஜமாவே ஒரு டிரிப் போயிட்டு வந்துடலாமே? தமிழ்நாட்டுக்குள்ள போனாலும் எல்டிஏ உண்டு.

முதல்ல இதைப் பாருங்க

பழைய வரி முறையில இருந்தா மட்டும்தான் இந்தச் சலுகை. புது முறையில கிடையாது. எல்டிஏ-வுக்காக மட்டும் பழைய முறைக்கு மாறாதீங்க, பெரும்பாலும் நஷ்டம்தான்.

நாலு காலண்டர் வருஷத்துல இரண்டு பயணம். இப்போதைய பிளாக் 2026 முதல் 2029 வரை. 2022–25 பிளாக்ல ஒரு பயணம் பாக்கி இருந்தா, அதை 2026-க்குள்ள பயன்படுத்திக்கலாம்.

லீவ் போட்டிருக்கணும். சனி, ஞாயிறு மட்டும் போயிட்டு வந்தா பத்தாது.

கணக்கு எப்படி?

நீங்க, மனைவி, உங்களை நம்பி இருக்கிற அப்பா, அம்மா நாலு பேரும் எழும்பூர்ல ரயில் ஏறி தஞ்சாவூர் போறீங்க. போக வர டிக்கெட் 8,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூணும் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னங்கள். மூணும் வழிபாட்டில இருக்கிற கோயில்கள்.

விலக்கு அந்த 8,000-க்கு மட்டும். ஹோட்டல், சாப்பாடு, கோயில்களைச் சுத்திப் பார்க்க எடுத்த கார் எதுவும் சேராது. 30% ஸ்லாப்ல மிச்சம் 2,496 ரூபாய். பாக்கி 32,000-க்கு வரி உண்டு.

முதுமலைக்கும் இதே கதைதான். சென்னையிலேர்ந்து மேட்டுப்பாளையம் வரை ரயில், அப்புறம் பஸ்: இந்த டிக்கெட்டெல்லாம் சேரும். சஃபாரி கட்டணம் சேராது.

2,496 ரூபாய்க்காக யாரும் தஞ்சாவூர் போக வேண்டாம். அப்பா அம்மாவோட போகணும்னு நெனச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கீங்கன்னா, போங்க. டிக்கெட்டையும் லீவ் அப்ரூவல் மெயிலையும் பத்திரமா வெச்சுக்குங்க. அந்த ரெண்டும் கையில இருந்தா எந்த நோட்டீஸுக்கும் பயப்பட வேண்டாம்.

அந்தத் தம்பி இப்போ பொங்கலுக்கு அப்புறம் போக லீவ் கேட்டிருக்கார். நீங்க?