சங்கப் புலவர் கண்ட கள்ளி எது?

சென்ற ஆடி மாதத்திலே கோயில் திருவிழா ஒன்றிற்குச் சென்று மீளும் வழியில், தெருவோரத்துச் செடி வணிகர் ஒருவரிடம் ஐந்து சிறு சாடிகளை வாங்கினேன். ஐந்திலும் சதைப்பற்று மிக்க செடிகள். ஒன்றிலேனும் பெயர்ச்சீட்டு இல்லை. இவற்றின் பெயர் யாது என வினவினேன். "எல்லாம் கள்ளிதான் ஐயா, தண்ணி கனக்க ஊத்தாதீங்க" என்றார் அவர்.

கீழைத்தேயக் கல்லூரியிலே நிகண்டுகளை மனனஞ் செய்து, சொல்லுக்குப் பொருள் உரைப்பதையே தொழிலாகக் கொண்டவன் யான். பொருள் கையிலிருக்க அதற்குரிய சொல்லை அறியாது விழித்தது அன்றுதான். ஐந்து வேறு உருவங்களை ஒரு பெயரால் அழைத்து அமைதிகொள்ள மனம் ஒப்பவில்லை. ஆதலின் அவற்றை ஆராயத் தொடங்கினேன்.

கள்ளி என்றால் பால் இருக்கும் என்பது நாடறிந்த செய்தி. எனவே ஊசி ஒன்றை எடுத்துச் செடிகளை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தேன். முதற்சாடியிலே தட்டையான பச்சைத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினாற்போல நின்றன. அதிற் பால் வரவில்லை. இரண்டாவது, மூன்று விளிம்புகளையுடைய தண்டு; விளிம்பெங்கும் இரட்டை முட்கள். குத்திய கணத்திலே வெண்பால் பெருகிற்று. மகிழ்ச்சி மிகுதியால் கையைக் கழுவ மறந்து நெற்றி வியர்வையைத் துடைத்தேன். விரல் கண்ணிலே பட்டுவிட்டது.

அன்று பட்ட வேதனை சொல்லுந்தரத்ததன்று. வீட்டார் நெடுநேரம் நீர்விட்டுக் கழுவினர். பின்னர் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றனர். பார்வை தப்பியது. கள்ளிப்பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே ஊறு நேரலாம். இளையோர் இத்தகைய சோதனையில் இறங்குதல் வேண்டா. இறங்கின் கையுறை இன்றி இறங்குதல் வேண்டா.

செய்தி கேட்டு என்னைக் காணவந்த நண்பர், தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவர். அவர் கையோடு ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியையும் கொண்டுவந்தார். "பாலை விடும், முள் எங்கிருந்து பிறக்கிறதென்று பாரும்" என்றார். பார்த்தேன். முதற்சாடியில் முட்கள் தண்டிலிருந்து நேரே முளைக்கவில்லை. பஞ்சு வைத்துத் தைத்தாற்போன்ற சிறு மெத்தைகள் தண்டெங்கும் ஒழுங்காக அமைந்திருக்க, ஒவ்வொரு மெத்தையிலிருந்தும் முட்கள் கொத்தாய் எழுந்தன. அம்மெத்தை கக்டஸ் குடும்பத்துக்கே உரிய அடையாளமாம். இரண்டாஞ் சாடியில் மெத்தை இல்லை. முட்கள் இணையிணையாய் விளிம்பை ஒட்டியே நின்றன. அது நம் சதுரக்கள்ளியின் சுற்றம். மூன்றாவது உருண்டைச் செடி. அதைக் குத்தியபோது பால் வந்தது. ஆயினும் மெத்தைகள் இருந்தமையால் அது கக்டஸ் என்றே துணிந்தோம். கக்டஸ் இனங்களிலும் சிலவற்றுக்குப் பால் உண்டாம். பாலை மட்டும் நம்பியிருந்தால் இங்கே பிழைத்திருப்பேன்.

நான்காவதும் ஐந்தாவதும் இலைகளை வட்டமாய் அடுக்கியவை. நான்காவதன் இலை நாரின்றி முறிந்து கூழ் காட்டியது, அது கற்றாழை. ஐந்தாவதை நண்பர் நெடுநேரம் நோக்கிவிட்டு, "இது பூக்கும்வரை பெயர் சொல்லேன்" என்றார்.

அன்று அவர் போகும்போது கூறிய ஒரு வார்த்தை என் உறக்கத்தைக் கெடுத்தது. கக்டஸ் குடும்பத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். முள்ளில்லாது மரக்கிளைகளிலே தொற்றித் தொங்கும் ஒரே ஓர் இனம் மட்டும் ஆபிரிக்காவிலும் நம் இலங்கைக் காடுகளிலும் இயற்கையாய் வளர்கிறது. ஏனையவற்றைக் கொலம்பசு 1492ஆம் ஆண்டிலே கடல் கடந்த பின்னரே இப்பக்கத்து மக்கள் கண்டனர். நாகதாளி என்றும் சப்பாத்திக்கள்ளி என்றும் நாம் வழங்கும் தட்டைக் கள்ளியும் அவ்வாறு வந்ததே.

இதிலே உறக்கங்கெட என்ன உண்டு? கூறுகின்றேன். இருபதாண்டுகளுக்கு மேலாகப் பாலைத்திணைப் பாடம் நடத்தும்போதெல்லாம், கரும்பலகையிலே கள்ளியென நான் வரைந்து காட்டியது அந்தச் சப்பாத்திக்கள்ளியையே! சங்கப் புலவர் கனவிலுங் கண்டிராத செடியை அவர்தம் பாலை நிலத்திலே நட்டு வைத்தவன் நானே.

குறுந்தொகையை மீண்டும் எடுத்தேன். 174ஆம் பாட்டு வெண்பூதியார் இயற்றியது. வான் பொய்த்த வழியிலே, பிளவுபட்ட முள்ளையுடைய கள்ளியின் காய் படீரென வெடிக்க, அவ்வொலிக்கு அஞ்சி இணைப்புறாக்கள் பறந்தோடுவதை அப்பாட்டுக் காட்டுகின்றது. பிளவுபட்ட முள் என்றது இரண்டாம் சாடியிலே நான் கண்ட இரட்டை முள்ளன்றோ? சப்பாத்திக்கள்ளியின் பழம் சதைப்பற்றுடையது, அது வெடிப்பதில்லை. சதுரக்கள்ளியின் காயோ மூன்று அறைகளாய் அமைந்து, முற்றி உலர்ந்ததும் வெடித்து விதையைச் சிதறுவது. புலவர் முள்ளையும் காயையும் கூறி இனத்தையே சுட்டிவிட்டார். படித்தும் காணாதவன் நான். அச்சதுரக்கள்ளிக்குத் தாவரவியலார் வழங்கும் இலத்தீன் பெயரின் பொருள் 'பழையோருடையது' என்பதாம். எத்துணைப் பொருத்தம்!

செடியின் இனம் அறியாமை புலவர்க்கு மட்டும் நேரும் இழுக்கன்று. செந்நிறச் சாயந்தரும் பூச்சியென மயங்கி, 1795ஆம் ஆண்டிலே அதன் உறவாகிய வேறொரு பூச்சியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். அதனாற் சாயம் பெருகவில்லை. ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியே அழிந்தது. அக்கள்ளியை ஒழிக்கவென அப்பூச்சியை 1860களில் இலங்கைக்கும் கொணர்ந்தனர். ஆயினும் கரையோரத்து மற்றொரு சப்பாத்திக்கள்ளியை அது அழிக்கவில்லை. அதற்கு வேறொரு பூச்சி வேண்டியதாயிற்று. 1926இலே அதனைத் தென்னிந்தியாவுக்கு வழங்கியது நம் இலங்கையே. நாம் ஒன்றெனக் கண்ட இரண்டனையும் அப்பூச்சிகள் பிரித்தறிந்தன!

இனி, சொல்லக் கூசும் செய்தி ஒன்று. பல்லாண்டுகளுக்கு முன், அப்படத்தை நான் வரைந்தபோது, படுவான்கரையிலிருந்து வந்து கற்ற மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, காய் வெடிக்கிறது எங்கட வேலிக் கள்ளிதானே?" என்றான். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்து அவனை இருத்திவிட்டேன். அவன் அதன்பின் என் வகுப்பிலே வினா எழுப்பியதில்லை.

சென்ற பங்குனியில் மண்முனைப் பாலத்தைக் கடந்து அவன் ஊருக்குச் சென்றேன். இன்று அவர் வயல் செய்யும் குடும்பத்தலைவர். வேலியோரத்திலே ஆள் உயரத்துக்கு மேல் சதுரக்கள்ளி நின்றது. வெயில் ஏறிய வேளையில் 'பட்' என்றோர் ஓசை, மீண்டும் ஒன்று. புறா எதுவும் பறக்கவில்லை. என் நெஞ்சு மட்டும் திடுக்கிட்டது. "தம்பி, அன்று நீர் சொன்னதே சரி" என்றேன். அவர் நினைவு கூர்ந்து நாணிச் சிரித்தார். "அதுக்காகவா ஐயா இந்த வெயிலுக்குள்ள வந்தீங்க?" என்றார்.

காரைதீவு தந்த விபுலானந்த அடிகள் அறிவியற் பட்டமும் பெற்றவர். பழந்தமிழ் யாழின் உருவத்தை நூற்சொல்லாலும் கணக்காலும் ஆராய்ந்து 1947இலே யாழ்நூலை வெளியிட்டார். நூலையும் பொருளையும் ஒருங்கு நோக்கும் அந்நெறி நம் மண்ணிலேயே இருந்தும், வேலிக்கு அப்பால் யான் நோக்கினேனல்லேன்.

இப்பொழுது என் வீட்டு முற்றத்திலே ஆறு சாடிகள். ஆறாவது அம்மாணவர் வெட்டித் தந்த கிளை; அதன் சீட்டிலே 'குறுந்தொகை 174' என்று எழுதியிருக்கிறேன். ஐந்தாஞ் சாடியின் சீட்டு மட்டும் இன்னும் வெறுமையாய் இருக்கின்றது. வகுப்பிலே மாணவன் ஒருவன் எழுந்து நின்றால், சிரிப்பதற்கு முன் அவ்வெற்றுச் சீட்டு என் நினைவுக்கு வருகின்றது.