தட்டணுவும் வெள்ளணுவும்



சென்ற மழைக்காலத்தில் என் தங்கைக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். விசைத்தறிக்குப் போகும் அப்பா இரத்தப் பரிசோதனைத் தாளை வாங்கி வந்து, "ஏல, நீதான படிச்சவன், என்ன போட்டிருக்குன்னு சொல்லு" என்று என்னிடம் நீட்டினார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவனே. தட்டணு 42,000, வெள்ளணு 2,600 என்று இருந்தது. இரண்டும் குறைவு என்று தெரிந்தது. ஏன் என்று மெக்கானிக்கல் படிக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. திருதிருவென விழித்தேன். பிறகு தேடிப் படித்ததே இக்கட்டுரை.

ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் தட்டணுக்கள் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரையும், வெள்ளணுக்கள் 4,000 முதல் 11,000 வரையும் இருக்க வேண்டும். நாம் பிளேட்லெட் என்று சொல்வதுதான் தட்டணு. அது காயத்தை அடைக்கும், வெள்ளணு கிருமியோடு சண்டை போடும் என்று பள்ளியில் படித்தோம். ஆனால் இவை இரண்டும் ஒன்றையொன்று கூப்பிட்டு வேலை வாங்குபவை!

எப்படி? காயம் பட்டதும் தட்டணு, தனக்குள் வைத்திருக்கும் பி-செலக்டின் என்ற புரதத்தைக் கொக்கி போல வெளியே நீட்டும். ஓடுகிற வெள்ளணு அதில் மாட்டி அங்கேயே நிற்கும். வெள்ளணுவும் சும்மா இருக்காது. நியூட்ரோபில் என்ற வகை தன் டி.என்.ஏ.வையே வலையாக வீசிக் கிருமியைப் பிடிக்கும். இது 2004-ல்தான் கண்டறியப்பட்டது. தட்டணு தூண்டினாலும் இந்த வலை விழும் என்று 2007-ல் தெரிந்தது. வலையில் தட்டணுக்களும் ஒட்டி இரத்தம் உறையும். அளவோடு நடந்தால் பாதுகாப்பு, மிஞ்சினால் இரத்தக் குழாய் அடைப்பு.

இனி டெங்குவுக்கு வருவோம். 2012-ல், நமது ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தபோது, கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு கடுமையாகப் பரவியதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இந்த வைரஸ் எலும்பு மஜ்ஜையின் உற்பத்தியைக் குறைக்கிறது. இரண்டு அணுக்களும் அங்கே பிறப்பவை என்பதால் இரண்டுமே குறைகின்றன. அதோடு, வைரஸால் தூண்டப்பட்ட தட்டணுக்கள் மோனோசைட் என்ற வெள்ளணுவோடு ஒட்டிக்கொள்ள, அது அழற்சிப் பொருட்களைக் கொட்டுகிறது. அழற்சி மிஞ்சினால் இரத்தக் குழாய்ச் சுவர் கசிந்து நீர் வெளியேறும். பெரிய ஆபத்து இந்தக் கசிவுதான்.

ஆகவே தட்டணு எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பதறுவது சரியல்ல. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், எண்ணிக்கை 20,000-க்குக் கீழே இறங்கியும் இரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றியதால் கசிவு தடுக்கப்படவில்லை என்று தெரிந்தது.

காய்ச்சல் விட்டதும் "சரியாப் போச்சு" என்று இருந்துவிடாதீர்கள். அதன் பிறகு வரும் ஒன்றிரண்டு நாள்தான் முக்கியம். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆஸ்பிரின், புரூஃபன் போன்ற மாத்திரைகள் தட்டணுவின் வேலையைக் கெடுக்கும். கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது.

தங்கை பிழைத்துப் பள்ளிக்கூடம் போகிறாள். அன்று சொல்ல முடியாததை அப்பாவுக்கு இப்போது சொல்லிவிட்டேன். நாளை உங்கள் கையிலும் யாராவது ஒரு தாளை நீட்டலாம் நண்பர்களே. விழிக்காமல் படித்துச் சொல்லுங்கள்!